மின்னல் தீண்டாத வீரர்கள்



2025-ஆம் ஆண்டு ஓண விடுமுறையின்போது மகள் வீட்டாருடன் நம் நகரத்துப் படக்கொட்டகை ஒன்றிற்குச் சென்றிருந்தேன். திரைப்படம் காண்பதில் எனக்கு முன்போல் நாட்டமில்லை. ஆயினும் பத்து வயதுப் பேரன் கையைப் பற்றி இழுக்கும்போது மறுத்து நிற்கும் வலிமை எந்தத் தாத்தாவுக்கும் வாய்ப்பதில்லை. படம் முடிந்து, உணவு விடுதி ஒன்றில் சிற்றுண்டி அருந்தி, ஆட்டோவில் வீடு திரும்பினோம். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை அன்று மௌனமாக இருந்தான். கரமனைப் பாலம் கடந்ததும் என் பக்கம் திரும்பினான்.

“தாத்தா, கோயிலுக்குள்ளே வந்ததற்காக அவர்களையெல்லாம் கொல்லச் சொன்னாரே அந்த ராஜா, அப்படியெல்லாம் நிஜமாகவே நடந்ததா?”

“அது கதையப்பா” என்றேன்.

“கதையாகவே இருக்கட்டும். நம் வீட்டு மனிதர்கள் அப்போது எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள்?”

வீடு வந்துவிட்டது என்று கூறி நான் இறங்கிவிட்டேன். எழுபது ஆண்டு வாழ்ந்தவன், ஒரு சிறுவனின் கேள்விக்கு அஞ்சி ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடினேன் என்று சொன்னாலும் தவறில்லை. அன்று சொல்லாமல் விட்ட விடையை இம்மாதப் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். இது என் பேரனுக்கு மட்டும் உரிய விடை அன்று. சொந்த ஊரை விட்டு இந்நகரில் வேரூன்றிய நம் இல்லங்கள் அனைத்திற்கும் இதில் பங்குண்டு.

நாங்கள் கண்ட படம் ‘லோகா’. டொமினிக் அருண் இயக்கத்தில் 2025 ஆகஸ்டு 28 அன்று வெளிவந்து பெருவெற்றி கண்ட மலையாளப் படம் அது. இளைஞர்கள் ‘சூப்பர் ஹீரோ’ படம் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது. மனித இயல்புக்கு மீறிய ஆற்றல் பெற்ற ஒருவர் தீயோரை அடக்குவதே இவ்வகைப் படங்களின் கதை. இங்கே அந்த ஆற்றலைப் பெற்றிருப்பவள் ஒரு பெண். கல்யாணி பிரியதர்சன் ஏற்றிருக்கும் அவ்வேடத்தின் இக்காலப் பெயர் சந்திரா. பழைய பெயரோ கள்ளியங்காட்டு நீலி.

நீலி நமக்கு அந்நியமானவள் அல்லள். நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடே அவள் உலவிய இடம் என்று கதை வழங்குகிறது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்துப் பாதையில் பேருந்தில் சென்று வந்தவைதாம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணையும்வரை அந்த ஊரும் இந்த ஊரும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. ஆகவே நீலியை மலையாளிகள் யட்சி என்றும் நாம் பேய் என்றும் பங்கிட்டுக்கொண்டோம். குமரி நாட்டு வில்லுப்பாட்டுக்காரர்கள் அவள் கதையை இரவு முழுவதும் பாடுவதுண்டு. வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கும் ஒரு நீலி உண்டு. கொலையுண்ட பெண்ணொருத்தி உருமாறி வந்து, ஊரார் முன்னிலையில் அழுது புலம்பி, தன்னைக் கொன்றவனைப் பழிதீர்த்தாள் என்பது அக்கதையின் சாரம்.

இந்த நீலி நம் மொழியில் எவ்வாறு நிலைபெற்றாள் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பொய்யாக அழுபவரைப் பார்த்து ‘நீலிக் கண்ணீர் வடிக்காதே’ என்கிறோம். கொலை செய்யப்பட்டவள் அவள். அவள் கண்ணீரையே பொய்க்கு உவமையாக்கி வைத்தோம். கொன்றவன் பெயரைக் கொண்டு ஒரு வசைமொழியேனும் நம்மிடம் இல்லை. மொழி எவ்வளவு நுட்பமாக வலியவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

‘லோகா’ படம் இச்சாய்வை நேர் செய்ய முயல்கிறது. அதில் நீலி காட்டோரத்து எளிய மக்களிடையே பிறந்த சிறுமி. கோயிலில் அடியெடுத்து வைத்த குற்றத்திற்காக அவள் இனத்தார் அரச ஆணையால் வேட்டையாடப்படுகின்றனர். தப்பி ஓடி ஒளிந்த குகையில் அவளுக்குப் பேராற்றல் வந்து சேர்கிறது. ஆயிரம் பேய்க்கதைகளில் அச்சமூட்டும் உருவாக நின்றவளை, அநீதி இழைக்கப்பட்ட குழந்தையாக நம் முன் நிறுத்தி, ‘இவள் கண்ணீர் மெய்’ என்று சொல்கிறது படம். அத்துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இவ்வாறு ஒடுக்கப்பட்டோரின் துயரத்தை மாயக் கதையில் பொதிந்து சொல்லும் வழக்கம் இங்கே தோன்றியதன்று. 1938-இல் அமெரிக்காவில் ‘சூப்பர்மேன்’ என்னும் பாத்திரத்தைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் ஆகிய இருவரும் குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் புதல்வர்கள். அவர்கள் படைத்த வீரனும் வேற்றுலகிலிருந்து வந்து, பிறர் கண்ணுக்குச் சாதாரண மனிதனாக ஒதுங்கி வாழ்பவன். வந்தேறியின் மனம் அறிந்தவர் கற்பனையே அது. 1946-இல் அதே வீரனைக் கொண்டு அமைத்த வானொலித் தொடர் ஒன்றில், ஊருக்குப் புதிதாகக் குடிவந்த சீன வமிசத்துக் குடும்பத்தைத் துன்புறுத்தும் முகமூடிக் கும்பலை அவன் எதிர்க்கிறான். கூ கிளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டத்தையே அது குறித்தது என்பதை வீட்டில் அமர்ந்து கேட்ட சிறுவரும் உணர்ந்திருப்பர்.

1963-இல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் ‘எக்ஸ்-மென்’ என்னும் சித்திரக் கதையைத் தொடங்கினர். பிறவியிலேயே வேறுபட்ட ஆற்றலுடன் பிறந்து, அதனாலேயே சமூகத்தால் வெறுக்கப்படுவோரின் கதை அது. அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்றுதான் மார்ட்டின் லூதர் கிங் முதலியோர் தலைமையில் இலட்சக்கணக்கானோர் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாஷிங்டன் நகரில் திரண்டனர். 2000-இல் இக்கதை திரைப்படமானபோது முதற்காட்சியே 1944-ஆம் ஆண்டு போலந்து நாட்டு நாஜி முகாமின் வாயிலில் தொடங்கியது. தாயையும் தந்தையையும் பிரித்து இழுத்துச் செல்லக் கதறும் யூதச் சிறுவனைக் கண்ட எவருக்கும் அப்படம் எதைப் பற்றியது என்று விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய கதைகளுக்கு வேடம் எதற்கு, நேரே சொல்லிவிடலாகாதா என்று அன்பர்கள் வினவலாம். நேரே சொன்னால் கதவடைக்கும் வீடுகள் பல உண்டு. தீண்டாமை பற்றிச் சொற்பொழிவு என்றால் நம் சங்க மண்டபத்திலேயே பின்வரிசை நாற்காலிகள் காலியாகிவிடும். நீலியின் கதை என்றால் மூன்று தலைமுறையும் சேர்ந்து சீட்டு வாங்குகிறது. என் பேரனை அக்கேள்வி கேட்க வைத்தது இந்த வேடந்தான். ஆதலின் வேடத்தை நான் இகழேன்.

ஆயினும் அவ்வேடத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. அவற்றை அறிந்தபின் பார்ப்பது நலம்.

முதற்குறை இது. எக்ஸ்-மென் கதையில் ஒருவன் விழித்துப் பார்த்தால் கண்ணிலிருந்து அழிவுக்கதிர் பாயும். மற்றொருவன் கையசைத்தால் இரும்புப் பாலம் பெயர்ந்து வரும். அத்தகையோரைக் கண்டு அக்கம்பக்கத்தார் அஞ்சினால் அவ்வச்சத்திற்கு ஒரு காரணம் இருக்கிறது. தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட உழவனிடம் என்ன இருந்தது? அவன் கண்ணில் தீயில்லை, கையில் மின்னலில்லை. அவனைக் கண்டு அஞ்சுவதற்கு அணுவளவும் காரணமில்லாதிருந்தும் அறுபதடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். காரணமற்ற வெறுப்பைச் சொல்ல வந்த கதை, தன்னை அறியாமலே வெறுப்புக்கு ஒரு காரணத்தைக் கற்பித்துக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாம் குறை, கொட்டகையில் அமர்ந்திருக்கும் நம்மைப் பற்றியது. இருட்டில் ஐந்நூறு பேர் அமர்ந்திருக்கிறோம். ஐந்நூறு பேரும் நீலியின் பக்கம். அந்த அரசனுக்கும் அவன் ஏவலருக்கும் வாரிசென்று ஒருவரும் இல்லை. கைதட்டிவிட்டு வெளியே வருகிறோம். அநீதி எங்கோ, எப்போதோ, யாரோ செய்தது என்ற நிம்மதி கிட்டிவிடுகிறது. பிறர் நோவைச் சொல்ல வந்தவர்க்கும் தம் சொல் பிறரை நோகச் செய்யும் என்பது சில வேளை புலப்படுவதில்லை. பெங்களூர்ப் பெண்களை இழிவுபடுத்துவதாகக் கன்னட மக்கள் குறைகூறிய ஒரு வசனத்திற்காக ‘லோகா’ தயாரிப்பாளர்களே 2025 செப்டம்பரில் வருத்தம் தெரிவித்து அதை நீக்க முன்வந்தனர். தவற்றை ஒப்புக்கொண்டது அவர்களுக்குப் பெருமையே. நல்ல நோக்கம் மட்டும் ஒருவரைக் காத்துவிடாது என்பதற்காகவே இதைக் கூறுகிறேன்.

இக்குறைகளிலிருந்து பெரிதும் தப்பிய படம் ஒன்றும் இவ்வூர் மொழியிலேயே உண்டு. பேசில் ஜோசப் இயக்கி, 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘மின்னல் முரளி’ அது. குறுக்கன்மூலை என்னும் கற்பனைக் கிராமத்தில் ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் டோவினோ தாமஸ் ஏற்ற தையற்காரன் ஜெய்சன். மற்றவன் தேநீர்க்கடையில் பணிபுரியும் ஷிபு. இவ்வேடத்தை ஏற்றவர் நம் மதுரை மண்ணின் மைந்தர், கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரம். இருவருக்கும் கிடைத்த ஆற்றல் ஒன்றே. ஜெய்சனை ஊர் தன் பிள்ளையாக வளர்த்தது. ஷிபுவையோ பைத்தியக்காரியின் மகன் என்று சிறுவயது முதல் ஒதுக்கி எள்ளியது. நெடுங்காலம் காத்திருந்து, தான் நேசித்த பெண்ணின் அன்பைப் பெற்ற வேளையில் ஊரார் அவன் இருப்பிடத்திற்குத் தீ வைக்கின்றனர். அத்தீயில் அவள் மடிகிறாள். அதன்பின் அவன் அரக்கனாகிறான்.

மின்னல் ஒருவனை நல்லவனாகவும் மற்றவனைத் தீயவனாகவும் ஆக்கவில்லை, ஊர் ஆக்கியது. இதை அப்படம் ஒளிக்காமல் சொல்கிறது. குரு சோமசுந்தரம் அழும் காட்சியில் என் வீட்டுப் பெண்கள் அனைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். அவ்வளவு சொல்லியும் இறுதியில் ஷிபு மாள, தீ வைத்த ஊர் காப்பாற்றப்பட்டு மகிழ்கிறது. அவ்வூரார் தம் குற்றத்தை எண்ணி ஒரு நாழிகை தலைகுனிந்து நிற்கும் காட்சி ஒன்று இருந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. இப்படத்திற்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியும் நினைவில் வைக்கத்தக்கது. காலடியில் பெரியாற்று மணற்கரையில் படப்பிடிப்புக்காக எழுப்பிய மாதாகோயில் அமைப்பை 2020 மே மாதத்தில் மதத்தின் பெயரால் ஒரு கூட்டம் இடித்தது. பலகையாலும் வண்ணத்தாலும் ஆன ஒரு பொம்மைக் கோயிலைக்கூடப் பொறுக்கவியலாத மனம் இன்னும் இங்கே இருக்கிறது என்றால், ‘லோகா’ காட்டும் அரசன் முழுதும் பழங்கதையாகிவிடவில்லை.

இனிப் பேரனின் முதற் கேள்விக்கு வருவோம். நிஜமாகவே நடந்ததா? படத்தில் கண்ட அப்படுகொலை கற்பனை. அதன் அடியிலிருந்த விதி கற்பனையன்று. இந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் பொதுவழியில் நடக்கவும், கோயிலை அணுகவும், பள்ளியில் அமரவும், மேலாடை அணியவும் பெருந்திரளான மக்களுக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. நாகர்கோவில் பக்கத்து நாடார் மகளிர் மேலாடை உரிமைக்காக நெடுங்காலம் அடியும் இழிவும் தாங்கிப் போராடி, 1859-இல் அரச அறிவிப்பைப் பெற்றனர். அதுவும் கட்டுப்பாடுகளுடன்தான் கிடைத்தது.

அவ்வறிவிப்புக்கு நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1863 ஆகஸ்டு 28 அன்று, நம் நகருக்குத் தெற்கே வெங்கானூரில் ஒரு புலையர் குடியில் பிறந்தார் அய்யன்காளி. வாஷிங்டன் பேரணி நடந்த நாள் அவருடைய நூற்றாண்டுப் பிறந்தநாளாக அமைந்தது. ‘லோகா’ வெளிவந்ததும் அதே ஆகஸ்டு 28. தற்செயலே எனினும் இத்தேதியை நம் பிள்ளைகள் நினைவில் கொள்ளலாம். எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாத அய்யன்காளி 1893-இல் காளைகள் பூட்டிய வில்வண்டி ஒன்றை வாங்கினார். தலைப்பாகை கட்டி, மேல்துண்டு அணிந்து, மணி ஒலிக்கப் பொதுவழியில் அவ்வண்டியைச் செலுத்தினார். வண்டியில் செல்வது என்ன பெரிய வீரம் என்று இன்று தோன்றலாம். அவ்வழியில் நடக்கவே உரிமையில்லாதவர் அவர். ஒவ்வொரு திருப்பத்திலும் கல்லும் தடியும் காத்திருக்கும் என்று அறிந்தே புறப்பட்டார். 1898-இல் தோழர்களுடன் பாலராமபுரம் சாலியர் தெரு வழியாக அவர் நடந்தபோது தடுக்கப்பட்டுப் பெருங்கலகம் மூண்டது.

1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவர்களைத் திரட்டி வேலை நிறுத்தம் நடத்தினார். கூலி உயர்வுக்காக வேலையை நிறுத்தியவர்கள் உலகில் பலர். அடுத்த வேளைக் கஞ்சியை இழந்தும், குழந்தைகளின் அரிச்சுவடிக்காக ஏரைக் கீழே வைத்தவர்கள் எத்தனை பேர்? பின்னர் பஞ்சமி என்னும் சிறுமியைக் கைபிடித்து ஊருட்டம்பலத்துப் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றார். அச்சிறுமி அமர்ந்ததற்காக அப்பள்ளிக்குத் தீ வைத்தார்கள். எரிந்து எஞ்சிய பெஞ்சு ஒன்று அங்கே நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. நீலிக்குக் குகையில் ஆற்றல் கிட்டியது. பஞ்சமிக்கு எந்தக் குகையும் கிட்டவில்லை. அவள் செய்ததெல்லாம் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்ததே.

வைக்கத்துக் கதை நம்மவர் பலர் அறிந்ததே. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. தலைவர்கள் சிறைப்பட்டபோது ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. வந்து இருமுறை சிறை சென்றார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். அவ்வாண்டுப் பெருவெள்ளத்தில் தொண்டர்கள் கழுத்தளவு நீரில் நின்று அறப்போர் நடத்தினர். 1925 நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது மூன்று பக்கத்துத் தெருக்களே திறந்தன. கோயிற் கதவு திறப்பதற்கு 1936 நவம்பர் 12 அன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மின்னல் தீண்டாத வீரர்கள் இவர்கள். ஒரே அடியில் எதிரியை வீழ்த்தும் வல்லமை எவரிடமும் இல்லை. ஒருவர் சிறை சென்றால் அடுத்தவர் வந்து அதே இடத்தில் நிற்பார். அவ்வளவே அவர்கள் ஆற்றல். படத்தில் இரண்டரை மணியில் முடிவது, நிலத்தில் இரண்டு தலைமுறை நடந்தது.

திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது இந்நகரில் மறக்கவொண்ணாத பெண் ஒருத்தியும் உண்டு. மலையாளத்தின் முதற்படமான ‘விகதகுமாரன்’ இங்கே பட்டத்தில் உருவானது. அதை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்திலிருந்து வந்தவர். கதாநாயகியாக ஓர் உயர்குல நாயர் பெண் வேடத்தில் நடித்தவர் பி.கே. ரோசி, அவரோ புலையர் குலத்தில் பிறந்த எளிய பெண். படம் காப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டபோது, இவள் அவ்வேடம் புனைவதா என்று கொதித்தவர்கள் திரை மீது கல்லெறிந்தனர். ரோசியின் குடிசை கொளுத்தப்பட்டது. லாரி ஒன்றில் ஏறித் தப்பி நாகர்கோவில் சென்றார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்னும் பெயரில் தமிழ் மண்ணில் வாழ்ந்து மறைந்தார். தாம் நடித்த படத்தை அவர் பார்த்ததே இல்லை என்பர். அப்படத்தின் பிரதியும் இன்று இல்லை. நீலி வேடத்தில் ஒரு நடிகை வெள்ளித்திரையில் பறந்து செல்லக் கண்டு நாம் கைதட்டும் இதே நகரில், முதல் நடிகை தன் பெயரையும் விட்டுவிட்டு ஓட நேர்ந்தது. கள்ளியங்காட்டு நீலியும் ரோசியும் இறுதியில் நாகர்கோவில் பக்கமே சேர்ந்தார்கள் என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் கனக்கிறது.

இரண்டாம் கேள்வியை இனியும் ஒத்திப்போட முடியாது. நம் வீட்டு மனிதர்கள் எந்தப் பக்கம்?

என் பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாலைக் கடைவீதிக்குக் கணக்கெழுத வந்தவர். மொழி தெரியாத ஊரில் அவர் பட்ட அவமானங்களைப் பாட்டி எங்களுக்குக் கதைகதையாகக் கூறுவாள். ‘பாண்டி’ என்ற சொல் அக்கதைகளில் பலமுறை வரும். அதே பாட்டி, எங்கள் தெருவைக் கூட்ட வரும் பெண்மணிக்குத் தண்ணீர் கொடுக்கும்போது செம்பை உயரத் தூக்கிப் பிடித்து அவள் கைக்குழியில் வார்ப்பாள். பழைய சோற்றைக் கொல்லைப்புறத்துக் கல்லின் மீது வைப்பாள். என் பாட்டி கல்நெஞ்சக்காரி அல்லள். அப்பெண்மணிக்குக் காய்ச்சல் கண்டபோது கஷாயம் காய்ச்சி அதே கல்லின் மீது வைத்தவள். 1936-இல் கோயில் திறந்தது. எங்கள் அடுக்களைச் செம்பு அதற்குப்பின் முப்பது ஆண்டுகள் கழிந்தும் இறங்கவில்லை. இருபது ஆண்டு எங்கள் தெருவைத் துப்புரவு செய்த அவள் பெயரை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆகவே என் விடை இது: இரு பக்கமும் நின்றோம். கடைவீதியில் இழிவுபட்டோம்; கொல்லைப்புறத்தில் இழிவுபடுத்தினோம். முதலாவதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம், இரண்டாவதைச் சொல்லவில்லை. அது மட்டுமே என் குற்றம் என்றிருந்தால் இத்தனை தூரம் எழுதியிருக்கமாட்டேன்.

அன்று படம் முடிந்து சிற்றுண்டி அருந்தினோம் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். எங்களுக்குப் பரிமாறியவர் வடகிழக்கே எங்கோ தொலைவிலிருந்து பிழைக்க வந்த இளைஞர். இம்மாநில அரசு அத்தகையோரை ‘அதிதி தொழிலாளர்’, அதாவது விருந்தினர் என்று மரியாதையாகக் குறிப்பிடுகிறது. நாமோ எந்த ஊரினராயினும் ‘பெங்காலி’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். அவ்விளைஞர் தட்டுத்தடுமாறி மலையாளத்தில் பதார்த்தங்களின் பெயரைச் சொன்னார். என் பேரன் அவர் உச்சரிப்பை அப்படியே நடித்துக் காட்டினான். மேசையைச் சுற்றியிருந்த நாங்கள் அனைவரும் சிரித்தோம். மிக உரக்கச் சிரித்தவன் நான். அதற்கு முந்திய ஆண்டுதான் விளையாட்டுத் திடலில் யாரோ தன்னைப் ‘பாண்டி’ என்று அழைத்ததாகச் சொல்லி இதே பேரன் என் தோளில் முகம் புதைத்து அழுதான். நீலியின் துயரத்திற்காக நனைந்த கண்கள் எங்களுக்கு இன்னும் உலர்ந்திருக்கவில்லை. அரைமணிக்குள் ஒரு ஷிபுவை உண்டாக்கத் தொடங்கிவிட்டோம்.

மறு ஞாயிறன்று பேரனை வெள்ளயம்பலத்திற்கு அழைத்துச் சென்றேன். சந்திப்பில் நிற்கும் அய்யன்காளியின் சிலையை அவன் பலமுறை பேருந்திலிருந்து பார்த்ததுண்டு. யார் என்று கேட்டதில்லை. 1980-இல் இந்திரா காந்தி அம்மையார் திறந்துவைத்த சிலை அது. வில்வண்டியின் கதையையும் பஞ்சமியின் கதையையும் நிழலில் நின்று சொன்னேன். பாட்டியின் செம்பையும் சொன்னேன். விடுதியில் நாங்கள் சிரித்த சிரிப்பையும் விட்டுவிடவில்லை. அவன் சிறிது நேரம் சிலையை அண்ணாந்து பார்த்தான்.

“இவருக்கு என்ன பவர் தாத்தா?” என்றான்.

“ஒன்றுமில்லை. ஒரு வண்டி இருந்தது, ஏறி உட்கார்ந்தார்” என்றேன்.

திரும்பும் வழியில் அந்த உணவு விடுதிக்குள் அவனே என்னை இழுத்துச் சென்றான். அவ்விளைஞர் வந்து நின்றதும், தன் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்டான். அவர் முதலில் விளங்காமல் விழித்தார். பிறகு முகம் மலரச் சொன்னார். அப்பெயரை அச்சிட அவர் ஒப்புதலை நான் பெறவில்லை; ஆகவே இங்கே எழுதவில்லை. ஆனால் என் வீட்டில் ஐவருக்கும் அது தெரியும்.

அன்பர்களே, வேற்றாற்றல் வீரர்களின் படங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், தடையில்லை. திரும்பும் வழியில் அவர்கள் கேள்வி கேட்டால், வீடு வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி இறங்கிவிடாதீர்கள்.